யானை முதுகில் ஒரு பள்ளம்

இரண்டாவது காசு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஷெர்வினின் சட்டைப்பையில் வந்து சேர்ந்தது.

கோட்டைமேட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் சஃபியா இரண்டு வருஷமாக அதற்காகத்தான் காத்திருந்தாள். அவளிடம் திப்பு காலத்து யானைக்காசு ஒன்று இருந்தது. யானையின் தும்பிக்கையிலிருந்து விளிம்பு வரை முடி கனத்தில் ஒரு மேட்டுக்கோடு. அச்சில் விரிசல் விட்டால் அது காசில் மேடாக எழும். அதே அச்சில் அடித்த அடுத்தடுத்த காசுகளிலும் எழும். யாரும் இதுவரை பதிவேட்டில் ஏற்றாத அச்சு இது என்றாள் சஃபியா. நாணயச் சங்கச் செயலாளர் ஷெர்வின் ஒப்பவில்லை. ஒற்றைக் காசை வைத்துப் பேசினால் ஊர் சிரிக்கும், ஜோடியைக் கொண்டு வாருங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் குத்திக்கொண்டே இருந்தான்.

இப்போது ஜோடியை அவனே கொண்டுவந்திருந்தான். கோபிசெட்டிபாளையத்து வியாபாரி ஒருவரிடம் கிடைத்ததாம்.

“தோத்துப்போயிட்டேனுங்க அக்கா. நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிப்போடறேன். உங்க பேர்லயே பதிஞ்சுக்கலாம்.”

சஃபியா சிரித்தபடி இரண்டையும் துணியில் வைத்து லென்ஸைக் கண்ணில் பொருத்தினாள். தும்பிக்கை. கோடு. விளிம்பு. இம்மி பிசகவில்லை. யானையின் முதுகுக்கு வந்தாள். சிரிப்பு நின்றது.

அவள் காசில் யானை முதுகில் நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. எப்போதோ எதிலோ அடிபட்டதென்று அதை அவள் பொருட்படுத்தியதே இல்லை. ஷெர்வினின் காசிலும் அதே பள்ளம். அதே இடம், அதே சாய்வு. விரிசல் நூறு காசில் வரும். பட்ட அடி ஒரு காசோடு சரி.

காசு போலி என்று அவள் சொன்னதும் ஷெர்வின் வக்கீல் போல மடக்கினான். அவளுடையது அசலாக இருக்கலாம், அதை வார்ப்பெடுத்துத் தன்னுடையதைச் செய்திருக்கலாம் என்றான். நியாயமான பேச்சு. நம்பிவிட அவளுக்கும் ஆசைதான்.

தன் காசைப் பெரிய லென்ஸுக்கு மாற்றினாள். அடிபட்ட பள்ளமென்றால் உள்ளே மழமழவென்று நசுங்கியிருக்கும். இதில் பள்ளத்துக்குள்ளும் ஊசிமுனைக் குழிகள். உருக்கி ஊற்றும்போது காற்றுக்குமிழி விட்டுப்போன தடம். அச்சில் அடித்த அசல் காசில் அது வராது.

“என்னுது தாயுமில்ல, உங்குளுது குட்டியுமில்லீங்க தம்பி. ரெண்டும் ஒரே வார்ப்புல பொறந்த அண்ணந்தம்பி.”

ஷெர்வின் லென்ஸை வாங்கி இரண்டு பள்ளத்தையும் பார்த்தான்.

“நானே பாக்கலீங்களே அக்கா. வேற ஆரு பாக்கப்போறாங்க?”

“நான் பாத்துப்போட்டனே.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இரண்டு காசையும் திரையில் போட்டுக் காட்டினாள். பள்ளத்தைத்தான் முதலில் காட்டினாள். யாரும் கைதட்டவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கென்று விட்டிருந்த இடத்தை ஷெர்வின் கோடு போட்டு அடித்தான்.

பின்வரிசையிலிருந்து சோமனூர் மாசாணம் எழுந்து வந்தார். தறிக்காரர், அதிகம் பேசாத ஆள். அந்த வியாபாரியின் பெயரை மட்டும் கேட்டார். ஷெர்வின் சொன்னான்.

“அவங்கிட்டத்தானுங்க அம்மணி நான் பதினேழு காசு வாங்கிப்போட்டேன்” என்று பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து நீட்டினார்.

சஃபியா முதல் பக்கத்தை விரித்தாள். ஷெர்வின் மேசைவிளக்கை அவள் பக்கம் நகர்த்தினான்.