மாப்பிள்ளையின் பின்னால் போன தண்ணீர்

அக்டோபர் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, நமுதிவா பாசனத் திட்டத்தின் நாற்பத்தேழாம் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் மடையில் சற்றுத் தயங்கி நின்றது. பிறகு வரப்பேறி, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த வயல்காரியின் புருஷன் லமெக்கின் பின்னாலேயே பெரிய சாலையில் இறங்கிப் போய்விட்டது. அகலம் இரண்டு முழம், ஆழம் கணுக்கால் அளவு. மேட்டில் அவன் இறங்கி சைக்கிளைத் தள்ளியபோது தண்ணீரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அன்றைக்குச் சந்தையில் ஒரு வாளி தக்காளி என்ன விலைக்குப் போனது என்று நினைவு வைத்திருப்பவர்கள், தண்ணீர் எத்தனை மணிக்குப் போனது என்பதையும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஏழேகால்.

திட்டத்தின் முழுப்பெயர் ‘நீடித்த பாசனம் மற்றும் வேளாண் மேம்பாட்டின் வழி ஊரக வறுமைக் குறைப்பு, மூன்றாம் கட்டம்’. முதல் இரண்டு கட்டங்கள் எங்கே நடந்தன என்று நமுதிவாவில் யாருக்கும் தெரியாது. ப்ளாண்டயர் நகரத்தில் ஏதோ ஓட்டலில் என்று கேள்வி. வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் கொடுத்தது, மலாவி அரசு கையெழுத்துப் போட்டது, இன்னும் பிறக்காத பிள்ளைகள் கடனை அடைப்பார்கள் என்று முடிவாயிற்று. வாய்க்கால் வெட்டுவதற்குப் பதினான்கு மாதம் முன்பே பெயர்ப்பலகை வந்துவிட்டது. ஆடுகள் அதன் நிழலில் படுத்துத் திட்டத்தின் முதல் பயனாளிகள் ஆயின. அப்புறம் பயிலரங்குகள் நடந்தன. வறுமையை எப்படிக் குறைப்பது என்று ஏழைகளுக்கே விளக்கி, ஆளுக்கொரு பன்னும் ஃபான்டாவும் கொடுத்து அனுப்பினார்கள். இத்தனைக்குப் பிறகும் வாய்க்கால் நிஜமாகவே வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முலாஞ்சே மலையிலிருந்து ஆற்றைத் திருப்பி, கலப்படமில்லாத சிமெண்டில், வாட்டம் சரியாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். கடைமடை வரை தண்ணீர் ஓடியது. பிழை வாய்க்காலில் இல்லை, காகிதத்தில் இருந்தது.

அந்தப் பக்கத்தில் நிலம் பெண்களுடையது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணம் கட்டுகிற ஆண் ஒரு மண்வெட்டியும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிற அவனுக்கு அந்த ஊர்ப் பேச்சில் ‘ம்கமுவினி’ என்று பெயர். பயனாளிகளைப் பதிய வந்த எழுத்தர் நாட்டின் வடபகுதிக்காரர். அவர் ஊரில் நிலம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. ‘தண்ணீர் உரிமை அட்டை’யில் ஆணின் பெயருக்கு ஒரு கட்டமும், அவனுக்கும் வயலுக்கும் என்ன உறவு என்று எழுத இன்னொரு கட்டமும் இருந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டே ‘ம்கமுவினி’ என்றார்கள். கட்டம் சின்னது, மூன்று எழுத்துக்குத்தான் இடம். எழுத்தர் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் எழுதினார்: ‘முவினி’. அதற்குச் சொந்தக்காரன் என்று பொருள். முந்நூற்றுப் பன்னிரண்டு மாப்பிள்ளைகள் ஒரே பிற்பகலில் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார். தண்ணீர் வந்தது. அது அரசாங்கத் தண்ணீர், ஆவணத்தை மதிக்கிற தண்ணீர். அட்டையில் யார் பெயர் இருந்ததோ அவர் பின்னால் போயிற்று.

ஆரம்பத்தில் இது தொந்தரவாகத் தெரியவில்லை. மாப்பிள்ளைகள் வயலில் நின்றவரை தண்ணீரும் வயலில் நின்றது. ஆனால் அந்த வட்டாரத்து ஆணுக்குச் சாப்பாடு மனைவி ஊரில், வேலை அக்கா தங்கை ஊரில். சகோதரியின் பிள்ளைகளுக்கு அவன்தான் தாய்மாமன். அங்கே காய்ச்சல் என்றாலும் கல்யாணம் என்றாலும் அவன் போய் நிற்க வேண்டும். எனவே தண்ணீரும் போய் நின்றது. முப்பத்தொன்றாம் வயல்காரியின் புருஷன் ஒரு வாரக் காய்ச்சலில் இறந்துபோனதும், முறைப்படி அவன் சொத்து சகோதரி மகனுக்கு என்பதால், தண்ணீர் சோம்பாவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் மருமகனைத் தேடிப் போய்விட்டது. இன்றும் அந்தக் கடையில் கணுக்கால் தண்ணீரில் நின்றுதான் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் நல்ல கூட்டம்.

மாப்பிள்ளைகளின் நடையே மாறிப்போனது. நேற்றுவரை மாமியார் வீட்டுக் கோழி குறுக்கே வந்தால்கூட வழிவிட்டு நின்றவர்கள், தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். லமெக்கும் அப்படித்தான். வாடகைக்கு சைக்கிள் ஓட்டுகிறவன். பின் கேரியரில் மெத்தை தைத்துப் போட்டு ஆளேற்றிக்கொண்டு போவான். காலில் சக்கரம் முளைத்துப் பிறந்தவன் என்று ஊரில் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து அவன் பின்னால் ஒரு நாய்கூட வந்ததில்லை. இப்போது ஒரு வாய்க்கால் முழுக்க வந்தது. நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது. இதையெல்லாம் விட்டுவிட்டு வரப்பில் உட்கார எந்த ஆணுக்குத்தான் மனசு வரும்?

அவன் மனைவி டோரிக்காவுக்கு அந்த அரை ஏக்கர் மக்காச்சோளத்தைத் தவிர வேறு கணக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புயல் மண்ணை வழித்துக்கொண்டு போனது. அதற்கடுத்த ஆண்டு மழை வரவில்லை. குதிர் காலியாகிற ஜனவரியில் மூன்று பிள்ளைகளுக்கும் தவிட்டுக் களியும் பச்சை மாங்காயும் கொடுத்தாள். கடைக்குட்டி எலுபேயின் கால்கள் வீங்கிப்போயின. இந்தப் பயிர் விளைந்தால் வரும் ஜனவரியைத் தாண்டலாம். அது இப்போது பூ எடுத்து, கதிரில் பட்டு நூல் தொங்க நின்றது. இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் பால் பிடிக்காமல் வெறும் சக்கைதான்.

தண்ணீர் வெளியேறிய அன்று இருட்டுவதற்குள் லமெக் திரும்பி வந்தான். மறுநாள் டோரிக்கா இருந்த ஒரே சேவலை அடித்து, வழக்கப்படி ஆணுக்குரிய இரைப்பையை அவன் தட்டில் வைத்து, வயல் நடுவே சிமெண்டு மூட்டைகளை அடுக்கி ஆசனம் போட்டு உட்கார வைத்தாள். அவன் காலைச் சுற்றித் தண்ணீர் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு படுத்தது. பயிர் குடித்தது. ஒன்றரை நாள் உட்கார்ந்தான். அதற்குள் பதினாறு தடவை எழுந்து நின்று சாலையைப் பார்த்தான்.

“எலுபே அப்பா, பத்தே பத்து நாள் குந்துங்க. கதிரு பால் பிடிச்சிட்டா நீங்க மொசாம்பிக் வரைக்கும் போங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“நான் என்ன மதகாடி, ஒரே எடத்துல நட்டு வெக்க?”

“மதகா இருந்தா நல்லாத்தான் இருக்கும். மதகு கோழிக்கறி கேக்காது.”

மறுநாள் அவன் தங்கை ஊரிலிருந்து, மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், தாய்மாமன் இல்லாமல் பேச்சே இல்லை என்று தகவல் வந்தது. லமெக் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினான். தண்ணீரும் கிளம்பியது.

டோரிக்கா தன் தாய்மாமன் பிரிமியானோவிடம் போனாள். குடும்பத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவர்தான் தீர்ப்பு. முன்பெல்லாம் அவருக்கு இருந்த ஒரே மருந்து, பிடிக்காத மாப்பிள்ளையின் பாயைச் சுருட்டி வெளியே வைப்பதுதான். நாற்பது வருஷத்தில் ஒன்பது பாய்களைச் சுருட்டியிருக்கிறார்.

“பாயைச் சுருட்டிரலாம் கண்ணு, அது பெரிய வேலையில்ல. ஆனா பாயோட தண்ணியும் சேந்து சுருண்டு போயிருமே.”

“அப்ப நான் என்னதான் செய்யிறது மாமா?”

“அவன் நல்லா இருக்கணும்னு வேண்டிக்க. செத்துட்டாலும் தண்ணி அவன் தங்கச்சி மவனுக்குத்தான்.”

அடுத்து பன்னிரண்டு மைல் நடந்து திட்ட அலுவலகத்துக்குப் போனாள். திட்ட அதிகாரி கலுவா நல்ல மனிதர். ஒரு சுவரில் வறுமை குறைகிற வரைபடமும், எதிர்ச் சுவரில் குளிரூட்டியும் வைத்திருந்தார். அவள் சொன்ன எதற்கும் அவர் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் ஆளோடு போவதை அவர் ஏற்கனவே காலாண்டு அறிக்கையில் எழுதி அனுப்பியிருந்தார். போகிற வழியெல்லாம் நனைந்த மண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டதில் பாசனப் பரப்பு இலக்கைவிட மூன்று மடங்கு தாண்டியிருந்தது. வங்கியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பெயர் மாற்ற ஏழாம் படிவம் வேண்டும் என்றார். அதற்குக் கணவரின் சம்மதம், பிறகு குழுவின் தீர்மானம், பிறகு மாவட்டம், பிறகு தலைநகரம். எப்படியும் மார்ச்சில் வந்துவிடும்.

“மார்ச்சு மழக்காலம், வானத்துலயே தண்ணி இருக்கும் சார்.”

“அம்மா, நீங்க புரிஞ்சுக்கணும். இது தண்ணிப் பிரச்சினை இல்ல, டேட்டா பிரச்சினை.”

“அப்ப அந்த டேட்டாவுல ரெண்டு படி அளந்து குடுங்க சார். புள்ளைங்களுக்குக் களி கிண்டிப் போடறேன்.”

கலுவா இதைப் ‘பயனாளியின் கருத்து’ என்ற தலைப்பில் குறித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் இலைகள் குழலாகச் சுருண்டுகொண்டன. அன்று மாலை லமெக் வந்தான், தண்ணீரும் வந்தது, பயிர் ஒரு இரவு குடித்தது. பெண் பார்த்த விஷயம் பாதியில் நிற்கிறது, மறுபடி போக வேண்டும் என்று விடிந்ததும் சைக்கிளுக்குக் காற்றடித்தான். டோரிக்கா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. மூத்த பிள்ளைகள் இரண்டையும் அக்கா வீட்டில் விட்டாள். எலுபேயை முதுகில் துணிபோட்டுக் கட்டினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து கேரியர் மெத்தையில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு திரும்பி, வழிதவறி நிற்கும் ஆட்டைக் கூப்பிடுகிற அதே எரிச்சலோடு வயலைப் பார்த்து, “வர்றியா, இங்கயே கெடந்து காயப்போறியா?” என்றாள்.

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். தண்ணீருக்குத்தான் அட்டை போட்டார்களே தவிர, மண்ணுக்கு யாரும் அட்டை போடவில்லை. திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை. ஆகவே மண் இன்னும் டோரிக்காவையே தெரிந்து வைத்திருந்தது. நாற்பத்தேழாம் வயல், பெண்கள் ஓடையைத் தாண்டும்போது இடுப்புத் துணியைத் தூக்கிப் பிடிப்பதுபோல, நாலு வரப்பையும் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தது. ஒரு வேர்கூட அறவில்லை. வாய்க்காலை ஜாக்கிரதையாகத் தாண்டிச் சாலைக்கு வந்து, தண்ணீரின் பின்னால் சேர்ந்துகொண்டது.

“என்னடி, மிதிக்க மிதிக்கப் பாரமா இருக்கு?”

“பின்னால பாக்காதீங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

சாலையில் மினி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போயின. சைக்கிள் முன்னால், தண்ணீர் நடுவில், அரை ஏக்கர் மக்காச்சோளம் பின்னால். ஓடுகிற தண்ணீரை ஓடிக்கொண்டே குடித்தது பயிர். முதல் பத்து மைலில் இலைகள் விரிந்தன. தங்கை ஊரில், சம்பந்தம் பேச வந்தவர்கள் உட்கார்ந்திருந்த முற்றத்தில் வயல் வந்து நின்றதும் கொஞ்சம் நெரிசலாகிவிட்டது.

“அண்ணி, நீங்க வந்தது சந்தோசம்,” என்றாள் லமெக்கின் தங்கை. “அதுக்காக வயலையுமா கூட்டிட்டு வர்றது?”

“ஒங்க அண்ணன் தண்ணியக் கூட்டிட்டு வரலாம், நான் மண்ணக் கூட்டிட்டு வரக்கூடாதா நாத்தனாரே?”

மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பதிலைக் கேட்டு அன்றே சம்மதம் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோனதால் என்றும் சொல்வார்கள். அங்கிருந்து லமெக் ஒரு துக்கத்துக்குப் போனான், ஒரு வழக்குக்குப் போனான், இரண்டு நாள் சும்மாவே போனான். டோரிக்கா தங்கிய இடத்தில் இறங்கிக் களை எடுத்தாள். கிளம்பிய ஒன்பதாம் நாள், தேயிலைத் தோட்டங்களைத் தாண்டுகிற வளைவில், சைக்கிளை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கதிரைக் கிள்ளி நகத்தால் அழுத்திப் பார்த்தாள். வெள்ளையாகப் பால் தெறித்தது. அவள் சாலையோரத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் நாலு கதிரைச் சுட்டு எலுபேக்கு உரித்துக் கொடுத்தாள்.

அடுத்த ஜனவரி வந்தது, போனது. வீட்டில் களி இருந்தது. அடுத்த பருவத்தில் மேலும் பதினேழு பெண்கள் கேரியரில் ஏறினார்கள். நாலாம் கட்டத்தில் ‘நடமாடும் பாசனம்’ பற்றி ஆராயப் போகிறார்கள்; கலுவாவுக்குப் பதவி உயர்வு. ஏழாம் படிவம் இன்னும் தலைநகரத்தில் இருக்கிறது, யாரும் அதைக் கேட்டு அலைவதில்லை. லமெக் இன்றும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஆனால் வயலை இழுத்துக்கொண்டு மேடேறி முழங்கால் தேய்ந்தபிறகு, புறப்படுவதற்கு முன் இன்றைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று மனைவியைக் கேட்கிறான். எந்தப் பக்கம் வெயில் நன்றாக விழும் என்று பார்த்து அவள் சொல்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், சந்தைக்கு வரும் லாரிகளுக்கு இடைஞ்சலாக இருப்பதால், வயலைக் கொஞ்சம் இடதுபுறம் ஒதுக்கி நிறுத்தும்படி போக்குவரத்துக் காவலர் கேட்டுக்கொள்கிறார். டோரிக்கா ஒதுக்கி நிறுத்துகிறாள்.