ஒரே நிறைகோலின் கீழ்

போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில் ஏறிவரும் ஊர்திகளின் இரைச்சல் கீழே தேய்ந்து மறைய, தேனிச் சமவெளியின் வெம்மையைச் சுமந்து கிழக்கிலிருந்து எழும் காற்றும், மலையாள நாட்டின் ஈரத்தைச் சுமந்து மேற்கிலிருந்து வரும் பனிமூட்டமும் மலைமுகட்டில் எதிர்ப்பட்டு, ஒன்றுக்கொன்று வழிவிட மனமின்றி மோதிச் சுழன்று, எது வென்றதென்று எவருக்கும் தெரியாதபடி தேயிலைச் சரிவுகளின் மேல் கலைந்து கிடந்த பிற்பகல் வேளை அது. அச்சரிவின் இடுப்பில், படிப்போரே, தகரக் கூரையிட்ட சிறு மருத்துவமனை ஒன்று இருந்தது. அதன் உள்ளறையில் கணினியின் முன் அமர்வதும் எழுவதும், சாளரத்தருகே செல்வதும் திரும்புவதுமாக, கூண்டுக்குள் அடைபட்ட குருவிபோல் தவித்துக்கொண்டிருந்தாள் ஜின்சி.

இதே மலையின் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்து, நகரம் சென்று மருத்துவ ஆய்வு கற்று மீண்டவள் அவள். கத்தரி பிடித்துப் பிடித்து மரத்துப்போய், மடக்கினால் விரியாமலும் விரித்தால் மடங்காமலும் வருத்தும் கொழுந்தெடுக்கும் பெண்களின் கைகளுக்குச் சீன நாட்டுப் பழைய மருத்துவர்கள் வகுத்த ஊசிமுறை உதவுமா என்பதே அவளது ஆய்வு. பெண்களுள் பாதிப் பேருக்கு நீலக் கயிற்றில் அட்டை; அவர்களுக்கு உண்மை ஊசி. மறுபாதிக்கு வெள்ளைக் கயிறு. அவர்களுக்குத் தோலைத் தொட்டதும் தன் பிடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும் மழுங்கல் ஊசி. கயிற்றின் நிறம் பார்த்து ஊசியிடுபவர் எலப்புள்ளியிலிருந்து வந்த மருத்துவர் சிவப்பிரகாஷ். எவருக்கு எது என்று அறியாமல், அட்டையைக் கழற்றிவிட்டு வருவோரிடம் வலியைக் கேட்டு, அவர்கள் கைவலுவை அடுத்த அறையில் அளப்பவள் ஜின்சி. உண்மை ஊசி வென்றால் இவ்வறையை நிலையாக நடத்தத் தோட்டத்தார் இசைந்திருந்தனர். தோற்றால் மாத முடிவில் பூட்டிவிடுவர். முடிவை அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

ஆனால் திரையில் தெரிந்த இரு கோடுகளும், ஒரே ஏரில் பூட்டிய இரு மாடுகள்போல், பிரியாமல் பக்கத்தில் பக்கத்தில் சென்றன. இரு பிரிவாரின் வலியும் குறைந்திருந்தது. ஒரே அளவில் குறைந்திருந்தது.

"ஏனுங்க ஜின்சி, இன்னொருக்கா பாத்துருங்க. எங்கியோ தப்பிருக்குமுங்க," என்றார் சிவப்பிரகாஷ்.

"பாத்தாச்சு டாக்டர். கணக்குல தப்பு இல்ல."

"அப்ப என்ற ஊசிதான் தப்புங்களா?" என்று அவர் சிரிக்க முயன்றார், சிரிப்பு பாதியில் நின்றது.

இருப்புக் கொள்ளாமல் வெளியேறிய ஜின்சி, தன் கால்கள் இட்டுச்சென்ற வழியே நடந்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையை அடைந்தாள். இடுப்பில் ஈரம் படாதிருக்கப் படங்குத் துணி கட்டி, தலையில் சாக்குச் சுமந்து, நிறைகோலின் முன் நீண்டு நின்றது பெண்களின் வரிசை. அதில் மூக்கம்மாளின் சாக்கு மட்டும் பசித்த வயிறுபோல் ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு முன்னின்ற செல்வலட்சுமி, ஏதோ கதை பேசுபவள்போல் திரும்பி, தன் சாக்கிலிருந்து இரு கைகளாலும் கொழுந்தை அள்ளி அவள் சாக்கில் திணித்தாள். பின்னின்றவளும் அவ்வாறே செய்தாள். நன்றி சொன்னாரும் இல்லை, எதிர்பார்த்தாரும் இல்லை. மேற்பார்வையாளரோ அந்நேரம் பார்த்து மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்தார். எடை குறைந்து ஒருத்தி ஏச்சு வாங்கலாகாது என்பது அவ்வரிசையின் வழக்கம். ஜின்சியின் தாயும் அப்படி அள்ளிக் கொடுத்தவள்தான்; அப்படி வாங்கிக்கொண்டவளும்தான்.

ஜின்சி வரிசையை நெருங்கினாள்.

"செல்வலட்சுமி அக்கா, ஊசி போடப் போறப்ப குடுத்த அட்டை... அதையும் இப்படித்தான் மாத்திக்கிட்டீங்களா?"

வரிசை முழுவதும் சிரிப்பு அலைபோல் ஓடியது.

"இப்பத்தான் கண்டுபிடிச்சியாக்கும்! படிச்ச புள்ளன்னு பேருதான்," என்றாள் செல்வலட்சுமி. "நீலக் கயித்துக்கு ஊசி சுள்ளுன்னு இழுக்குது, வெள்ளைக்கு எறும்பு ஊர்ற மாதிரி. மூக்கம்மா மதினிக்கு வெள்ளை விழுந்துச்சு. அவ கையப் பாத்துட்டு எங்களுக்கு மனசு கேக்குமா? ஆளுக்கொரு வாரம் கழட்டிக் குடுத்தோம். அவளுக்கு மட்டுமில்ல, வெள்ளை விழுந்த எல்லாருக்கும்தான்."

"டாக்டருக்குத் தெரியலையா?"

"ஸ்வெட்டரும் தலைத்துண்டும் போட்டா அந்த மனுசனுக்கு நாங்க எல்லாரும் ஒரே மூஞ்சி. கயித்தத்தான் பாப்பாரு."

"மாத்தக் கூடாதுன்னு மொதல்லயே சொன்னேனே அக்கா!"

"சொன்ன. ஒருத்திக்கு மெய் ஊசி, ஒருத்திக்குப் பொய் ஊசின்னும் நீதான சொன்ன? அதையும் சொல்லிட்டு, சும்மா இருன்னா எப்படி இருக்க?"

அவளைத் தேடி வந்து பின்னால் நின்ற சிவப்பிரகாஷின் முகம் கறுத்து, உடனே தெளிந்தது. "பரவால்லீங்க ஜின்சி. யாரு எந்த வாரம் மாத்துனாங்கன்னு கேட்டு எழுதிப்போட்டா கணக்கு நேராயிருமுங்க. ரூமும் தப்பிச்சுக்கும்."

அச்சொல் ஜின்சியின் நெஞ்சில் ஒரு நொடி விளக்கேற்றியது. அதைக் கண்ட மூக்கம்மாள், மடங்காத விரல்களை உதறியபடியே பரிவோடு சொன்னாள்: "எழுதிக்க தாயி. உனக்கு எது தோதுப்படுமோ அதையே சொல்லிருதோம்."

ஏற்றிய விளக்கு அங்கேயே அவிந்தது. கொழுந்து குறைந்தவளுக்குக் கொழுந்து. ஊசி குறைந்தவளுக்கு ஊசி. விடை குறைந்தவளுக்கு விடை. ஜின்சியின் சாக்கும் ஒட்டிக் கிடப்பதைக் கண்டு, அவர்கள் அள்ளிப் போடத் தொடங்கிவிட்டனர். "வலி எப்படியிருக்கு?" என்று வாரந்தோறும் அவள் கேட்டபோது, "தேவல தாயி" என்று முகம் மலர்ந்து சொன்னார்களே, அதில் கை சொன்னது எவ்வளவு, கனிவு சொன்னது எவ்வளவு? கைவலுவை அளக்கும் கருவியும் உண்மை ஊசி யாருக்குச் சென்றதென்று சொல்லாது.

"வேணாம் பெரிம்மா," என்றாள்.

"எங்களாலதான் கெட்டுச்சா?"

இல்லையென்று பொய் சொல்ல ஜின்சிக்கு ஆசையிருந்தது. "ஆமா பெரிம்மா. ஆனா ஒரே தராசுக்குக் கீழ நிக்கிறவங்களைப் பிரிச்சது என் தப்பு. நானும் இந்த லயத்துப் புள்ளதான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அன்று மாலை, வெற்றியில்லையேல் அறை பூட்டப்படும் என்று அறிந்தே, ஊசி வென்றதென்றும் எழுதாமல் தோற்றதென்றும் எழுதாமல், ஆய்வு கலங்கியது என்றும், இனி நடத்துவதாயின் ஆட்களைப் பிரிக்காமல், ஒரு தோட்டம் முழுவதற்கும் ஒரே வகை ஊசியென்று தோட்டம் தோட்டமாகப் பிரிக்க வேண்டும் என்றும் எழுதி அனுப்பிவிட்டு அவள் வாயிலுக்கு வந்தபோது, பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர்.

"மறுபடி நடந்தா எங்க தோட்டத்துக்கு எது விழும்?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

"தெரியாதுக்கா. வெள்ளையும் விழலாம். விழுந்தா எல்லாருக்கும் வெள்ளைதான்."

"அப்பச் சரி. கழட்டிக் குடுக்க ஒண்ணும் இருக்காது, கெடுக்கவும் முடியாது!"

எல்லாரும் சிரித்தனர். மூக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வலக்கையை ஈரம் உதறுபவள்போல் உதறிக்கொண்டே அவள் சரிவில் இறங்கினாள். பின்னால் அறைக்கதவைப் பூட்ட முயன்ற சிவப்பிரகாஷின் கையில் சாவி உடனே திரும்ப மறுத்தது.

உண்மையைத் தேடுவோர்க்கு இன்னோர் ஆண்டு உண்டு, படிப்போரே, அவர்கள் காத்திருக்கலாம், பிழையுற்றதை அழித்து முதலிலிருந்து தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் நாளை விடிந்ததும் கத்தரியைப் பற்ற வேண்டிய கைக்கு அவ்வாண்டு எங்கிருந்து வரும்? அதுவரை அக்கைக்கு மருந்தென்று இருப்பது, முன்னும் பின்னும் நிற்பவர் அள்ளித் திணிக்கும் இரு பிடிக் கொழுந்து மட்டுமே. முகட்டின் மேல் கிழக்குக் காற்றும் மேற்குப் பனியும் அப்போதும் ஓயவில்லை. எது வென்றதென்று அறியாமலே மலை இருண்டது.