கறிவேப்பிலைப் புழு

திராட்சைக் கொத்தில் நெருக்கமாகக் கிடந்த பிஞ்சுகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, தொங்கும் கொத்துகள் தலையில் இடிக்காமல் குனிந்தபடி ரெஹானா டீச்சர் வருவதைப் பூமாரி பார்த்தாள். சேலைத் தலைப்பைத் தலையோடு இழுத்துப் பிடித்திருந்தார். செருப்பெல்லாம் ஈரமண்.

"ஆத்தி, டீச்சரு இங்கன வர்றாகளே" என்றாள் பக்கத்து வரிசையிலிருந்த இருளம்மாள்.

பூமாரிக்கு மகள் நினைப்புதான் வந்தது. விஜி என்ன செய்து தொலைத்தாளோ! மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள், அதற்குள் எத்தனை புகார். பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை எட்டிப் பார்க்கிறாள் என்று முந்தின வாத்தியார் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளை கொஞ்சம் மந்தம் என்றும் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள். நடைபாதையில் வைத்த குடத்தைத் தட்டிவிடுவாள். தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் வேறு எங்கோ பார்ப்பாள். பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போனால் அதற்குள்ளேயே புகுந்துவிடுகிறவள் போல உட்கார்ந்திருப்பாள்.

படிப்பு ஏறாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பூமாரியின் புருஷன் சின்னக்கருப்பு, மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர். அவனுடைய தங்கை மலையம்மாள் வண்டன்மேட்டில் கைக்குழந்தையோடு கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள விஜியை அங்கே விடுவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மலையேற வேண்டியது.

"விஜியை நிறுத்தப் போறீங்களாமே?" என்றார் டீச்சர், மூச்சு வாங்கியபடி.

"ஆமா டீச்சரு. அவளுக்குத்தான் மண்டையில ஏற மாட்டேங்குதே."

"யார் சொன்னது? எங்க வகுப்புல அவ அளவுக்குப் பூச்சியைப் பாத்த பிள்ளை வேற இல்ல."

பூமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அறிவியலில் பூச்சிகள் பாடம். தலை, மார்பு, வயிறு, ஆறு கால்கள் என்று வாயால் சொல்லிப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க முடியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்துக் கறிவேப்பிலைச் செடியில் இருந்த புழுக்களை இலையோடு பறித்து, வாய் அகன்ற பாட்டிலில் விட்டு, வலைத்துணியால் மூடிக் கட்டிவைத்தார். மற்ற பிள்ளைகள் எட்ட நின்று, புழு பச்சையாக இருக்கிறது என்றார்கள். விஜி பாட்டிலை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்னங்கால்கள் முள்ளு மாதிரிக் கூராக இருக்கின்றன, பின்னால் இருப்பவை மெத்துமெத்தென்று கட்டையாக இருக்கின்றன என்றாளாம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செவப்பாக ஒரு கொம்பு வெளியே வந்து உள்ளே போகிறது என்றாளாம். புழு தன்னை நூலால் குச்சியோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானதை முதலில் பார்த்துச் சொன்னதும் அவள்தானாம்.

டீச்சர் சொல்லச் சொல்லப் பூமாரிக்கு முகம் மலர்ந்தது. தன் மகளைப் பற்றி ஒருவர் தேடி வந்து நல்லதாகச் சொல்வதை அவள் இதுவரை கேட்டதில்லை.

"நேத்து கூட்டை உடைச்சுக்கிட்டுப் பட்டாம்பூச்சி வந்துருச்சு" என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது. "றெக்கை காஞ்சதும் துணியை அவுத்துவிட்டேன். பறந்து போயி ஜன்னல் கம்பியில உக்காந்துச்சு. பிள்ளைக எல்லாம் அங்க பாரு, அங்க பாருன்னு கத்துதுக. உங்க மக மட்டும் காலிப் பாட்டிலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. எங்க டீச்சர், எங்க டீச்சர்னு கேக்குறா. நான் கையை நீட்டிக் காட்டுறேன். என் கையைத்தான் பாக்குறாளே ஒழிய, ஜன்னலைப் பாக்கல."

பூமாரியின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"எம்பிள்ளைக்குக் கண்ணு தெரியலைங்குறீகளா? ஊசியில நூல் கோத்துக் குடுக்குறதே அவதான். அரிசியில கல்லுப் பொறுக்குனா ஒரு குறுணி விட மாட்டா. இதென்ன பேச்சு பேசுறீக?"

"கிட்டக்கத் தெரியுது விஜி அம்மா. எட்டத்துலதான் தெரியல."

ஒருதடவை கண் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து போனார். கொத்தில் எது பிஞ்சு, எது காம்பு என்று பூமாரிக்குத் தெரியவில்லை. கண்டபடி கத்தரித்து இருளம்மாளிடம் ஏச்சு வாங்கினாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, வாய்க்கால் பாதையில் புளியமரத்துக்கு முன்னால் போய் நின்றாள். தலைமுண்டும் கத்தரிக்கோலுமாக வேலைக்கோலத்திலேயே வந்திருந்தாள். தூரத்தில் விஜி தனியாக வந்தாள். பூமாரி கூப்பிடவில்லை. பாதையின் நடுவில் வெயிலில் அசையாமல் நின்றாள். பாரு ஆத்தா, இங்கன பாரு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். விஜி நேராக அவளைப் பார்த்தபடிதான் வந்தாள். சிரிப்பு இல்லை, வேகம் இல்லை. யாரோ ஒரு பொம்பளை நிற்கிறாள் என்று ஒதுங்கி, பாதை ஓரமாக நடந்து, பக்கத்தில் வந்ததும்தான் சந்தேகமாகத் தலையைத் தூக்கினாள்.

"யாரு... அம்மாவா?"

பூமாரி அங்கேயே குந்தி உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தெருமுனையில் நின்று கத்திய கத்தலெல்லாம், குடம் உடைந்த அன்றைக்கு முதுகில் வைத்த அடியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விஜிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மேல் ஒட்டியிருந்த திராட்சை இலையை எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கச் சின்னக்கருப்பு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசுலயே கண்ணாடியை மாட்டுனா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்லட்டும். மந்தம்னு நாம சொன்னதை விடவா சொல்லிரப் போகுது?"

அவன் சாப்பிட்ட தட்டிலேயே விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "மலையம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று எழுந்து கைகழுவப் போனான்.

தேனியில் கண் ஆஸ்பத்திரிக்கு டீச்சரே கூட வந்தார். கண்ணில் மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "இவ்வளவு பவரை வச்சுக்கிட்டு இந்தப் பிள்ளை இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சா?" என்று கேட்டார். வருஷம் தவறாமல் காட்ட வேண்டும், விட்டுவிடக் கூடாது என்றார். பூமாரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கண்ணாடி வாங்கப் போன சனிக்கிழமையும் டீச்சர் வந்தார். கண்ணாடியை மாட்டியதும் விஜி தலையை நிமிர்த்தினாள். சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். திரும்பி அம்மாவின் முகத்தை, எட்ட நின்றபடியே, வெகுநேரம் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பூமாரி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்து யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது.

"டீச்சரு, நீங்க அன்னைக்குத் தோட்டத்துக்கு வரலைன்னா..."

டீச்சருக்கும் கண் கலங்கியது. "எனக்குப் பசிக்குது விஜி அம்மா. வாங்க, ஆளுக்கொரு வடை சாப்பிடுவோம்" என்று கடைப்பக்கம் இழுத்துப் போனார்.

கம்பம் பஸ்ஸில் கூட்டம். நெரிசலில் நின்றபடியே விஜி கண்டக்டரின் பையை, கம்பியைப் பிடித்திருந்த கைகளை, டிரைவருக்கு மேலே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். உத்தமபாளையத்தில் டீச்சர் இறங்கிக் கையசைத்தபோது, கீழே நின்ற கும்பலில் அவரைச் சரியாகக் கண்டுபிடித்துப் பதிலுக்குக் கையசைத்தாள். பூமாரி ஜன்னல் வழியே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். சாமியையும் அப்பா அம்மாவையும் தவிர அவள் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

கூட்டம் குறைந்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வயல்களுக்கு அப்பால் விஜி கை நீட்டினாள்.

"அம்மா, அது என்னது?"

"எது?"

"அந்தா. நீலமா, மடிப்பு மடிப்பா."

பூமாரி குனிந்து மகளின் விரல் போன திசையைப் பார்த்தாள். "அது மலைடீ. அப்பா ஜீப்பு ஓட்டிப் போற மலை."

"நான் மேகம்னு நெனச்சேன்" என்றாள் விஜி. கொஞ்ச நேரம் கழித்து, "அது மேல மரம் இருக்கும்மா. தனித்தனி மரம்" என்றாள்.

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக வெறுங்கண்ணால் பார்த்தாள். மறுபடி ஏற்றினாள். இறக்கினாள், ஏற்றினாள். பிறகு ஏற்றியபடியே விட்டுவிட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒற்றை விரலை நீட்டி, மலையின் முகட்டை ஒரு முனையிலிருந்து மெதுவாக வரைந்துகொண்டே வந்தாள். பஸ் வளைவில் திரும்பியபோதும் அந்த விரல் கோட்டை விடவில்லை.