கம்மியாகச் சொன்னவன்

"பாபி, சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. கல்லு வெட்றவரு காலைலேர்ந்து ஃபோன் பண்ணி உயிர எடுக்கறாரு. ஒரு தடவ வெட்டிட்டா ரப்பர் வச்சா அழிக்க முடியும்?"

ஃபைஸான் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அண்ணியிடம் பேசினான். அண்ணன் காஷிஃப் இறந்து அம்பரீன் இத்தாவில், கணவனை இழந்தவள் வெளியாண்கள் பார்வையில் படாமல் இருக்கும் நாலு மாதம் பத்து நாளில், உட்கார்ந்ததிலிருந்து கொழுந்தன் குரலாக மட்டும்தான் இருந்தான். பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணவனும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் வந்தார்கள். மறுநாளே அவன் மாரடைப்பில் போய்விட்டான். அவள் மாமியார் வீட்டு உள்ளறையில் மடிக்கணினியோடு தங்கிவிட்டாள்.

காஷிஃப் படித்த பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் அவன் பெயரில் ஒரு கல் பதிக்கப் போகிறார்கள். பெயருக்குக் கீழே அவன் கடைசியாகக் கண்டுபிடித்தது: வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்துக்குள் கதிர்வீச்சு, நம் சூரியனின் அக்கம்பக்கத்தில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு. துக்கம் கேட்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் மாமியார் அஃப்ஸர் ஜஹான் அதைச் சொல்லியிருந்தார். கதிர்வீச்சு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆயிரம் தெரியும்.

அந்த ஆயிரம் தவறு.

அந்த மண்டலம் முழுக்கத் தூசி. உள்ளே பிறக்கிற விண்மீன்களின் ஒளியைத் தூசி விழுங்கிவிட்டு வெப்பமாக வெளியே விடுகிறது. விண்மீன்களைப் பார்க்க முடியாது. தூசியின் வெப்பத்தையும், சுற்றியிருக்கும் வாயுவில் கார்பன் விடும் ஒளியையும் ஒப்பிட்டு, உள்ளே எவ்வளவு கடுமை என்று கணிக்க வேண்டும். கடுமை ஏற ஏற, வெப்பத்தோடு ஒப்பிட்டால் கார்பனின் ஒளி குறைந்துகொண்டே போகும். காஷிஃபுக்குக் கார்பன் ஒளி நிறையவே கிடைத்தது. அதனால் கடுமை ஆயிரம் மடங்கோடு நிற்கிறது என்று முடிவு கட்டினான். போன வாரம் நைட்ரஜன் ஒளியின் அளவீடு வந்தது; அது கொதிக்கிற வாயுவிலிருந்து மட்டுமே வரும். கார்பன் ஒளியில் ஏறக்குறைய பாதி அவன் நினைத்த குளிர்ந்த மேகங்களிலிருந்து வரவே இல்லை. விண்மீன்களை ஒட்டிக் கொதிக்கிற வாயுவிலிருந்து வந்தது. அந்தப் பாதியைக் கழித்துப் பார்த்தாள். கடுமை மூவாயிரத்தைத் தாண்டியது. திரும்பவும் போட்டுப் பார்த்தாள். தன் கணக்கில் தப்பு இருக்கக் கூடாதா என்று ஏங்கியது அதுதான் முதல் தடவை.

இதைச் சொன்னால் அந்த அம்மாவிடம் மிச்சமிருப்பதும் போய்விடும். சொல்லாவிட்டால் பொய்யான ஒன்று அவன் பெயருக்குக் கீழே கல்லில் கிடக்கும்.

அஃப்ஸர் ஜஹான் டீயோடு வந்தார். "இன்னா, அவனுக்குப் பதில் சொல்லிட்டியா?"

"அம்மி, அந்த ஆயிரம் வேணாம். அது சரியில்ல."

"யாரு சொன்னது?"

"நான்தான் கண்டுபுடிச்சேன். புதுசா ஒண்ணு அளந்து வந்திருக்கு."

டம்ளர் மேசையில் மோதி டீ சிந்தியது. "நாலு மாசமா இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுறியேன்னு பாத்தா, இதுக்குத்தானா? மண்ணுக்குள்ள போனவன்கிட்டயுமா தப்பு புடிப்ப?"

அம்பரீன் சொல்லவேண்டியதெல்லாம் மடிக்கணினியின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக இருந்தது. அது தன்னுடைய பழைய இடத்துக்குத் திரும்பப் போவதில்லை. மாமியார் வெளியே போனார். அடுக்களையில் பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. பிறகு சத்தமே இல்லை. அவர் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"ஜாஸ்தி சொல்லிட்டானா, கம்மி சொல்லிட்டானா?"

"கம்மி அம்மி. அவர் நெனச்சதவிட உள்ள ரொம்பக் கடுமை."

அஃப்ஸர் ஜஹான் அவளையே பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "கம்மியாத்தான் சொல்லுவான். சைக்கிள்லேர்ந்து விழுந்து கை ஒடஞ்சு தொங்குது, லேசா வலிக்குது அம்மின்றான். நூத்திமூணு காய்ச்சல்ல பரீட்சைக்குப் போனான். எதையும் உள்ளபடி சொன்னதில்ல எம் புள்ள." அவர் நிறுத்தினார். "அன்னிக்குக் காலைலயும் இன்னா சொன்னான்?"

"நேத்து பிரியாணி ஜாஸ்தியாயிடுச்சு, நெஞ்சு கரிக்குது, ஒரு சோடா குடுன்னார்."

"நீ குடுத்த."

"குடுத்தேன்."

உலகத்தில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் சரிபார்ப்பவள், அவன் சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டாள். சோடாவில் எலுமிச்சை வேறு பிழிந்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தாள். வந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"நானும் வாசல்ல நின்னு சிரிச்சேன், தின்னிப் பையன்னு" என்றார் அஃப்ஸர் ஜஹான்.

இருவரும் அழுதார்கள், ஒருவரை ஒருவர் தொடாமல்.

திரை அசைந்தது. "அம்மி, அந்த ஆளு மறுபடியும் லைன்ல இருக்காரு. இன்னா சொல்றது?"

"பேரு மட்டும் வெட்டச் சொல்லு."

"வெறும் பேரா? கீழ அவ்ளோ எடம் காலியா கெடக்குமே."

"கெடக்கட்டும்டா. உனக்கு இன்னா பேஜார்?"

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. அம்பரீன் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாள். முதலில் காஷிஃபின் பெயர், அடுத்து அவளுடையது. அதை அவள் மாற்றவில்லை. பழைய ஆயிரத்தை அழித்துப் புதியதை அடித்தாள். அதன் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

"இன்னா எழுதின?"

அவள் தமிழில் படித்துச் சொன்னாள். "உள்ளே இருந்த கடுமையை முன்பு நாங்கள் குறைவாக மதிப்பிட்டிருந்தோம்."

அஃப்ஸர் ஜஹான் முந்தானையால் மேசையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"ஆமா" என்றார்.