ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஆறரை மணிக்கே தேயிலைக் காட்டில் இறங்கிவிட்டோம். பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றியிருந்தும் பனிநீர் உள்ளே ஏறியது. கத்தரி பிடித்த விரல்கள் மரத்துப் போயின. அம்மா எனக்கு முன்வரிசையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வலக்கையிலிருந்து கத்தரி நழுவியது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

ரத்த அழுத்தத்தின் மேல் அளவு நூற்றுத் தொண்ணூற்றைந்து என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மறுநாள் இறந்தாள்.

காரியம் முடிந்து அவள் துணிகளை மடித்தேன். நடுவே ரத்த அழுத்த மாத்திரை இருந்தது. ஒரு மாதத்துக்குக் கொடுத்த முப்பதில் நான்குதான் குறைந்திருந்தது.

நான் பி.எஸ்சி. விலங்கியல். மேல் அளவு இருபது கூடினால் பக்கவாதத்தில் சாகும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிக்கும். ஆபத்து ஏறத் தொடங்கும் நூற்றுப் பதினைந்திலிருந்து அம்மாவின் அளவுவரை நான்கு இருபதுகள். பதினாறு மடங்கு. கணக்கு வந்தது. அழுகை வரவில்லை.

உடன் வேலை செய்யும் இசக்கியக்காவிடம் மாத்திரையைக் காட்டினேன்.

"ஞாயித்துக்கெழம மட்டும் போட்டிருப்பா, கண்ணு."

"ஏனுங்கக்கா?"

"அதப் போட்டா மூத்திரம் நிக்காது. காட்டுல எங்க போறது? மேல சூப்பர்வைசர், கீழ ரோடு. செடிக்குள்ள ஒதுங்குனா காட்டெருமை நிக்குது."

"நீங்க?"

"நானும் ஞாயித்துக்கெழமதான்."

பக்கத்தில் நின்ற ராஜப்ரியா கையைத் தூக்கினாள். பிறகு இன்னும் ஆறு பேர். என் அம்மா என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

காட்டில் கக்கூஸ் கேட்டு மேனேஜர் கீர்த்திவாசனைப் பார்க்கப் போனோம்.

"காட்டுக்குக் காடு கக்கூஸ் கட்ட முடியுமா? இவ அம்மா சுசீலா செத்தது இயற்கையான சாவு. பி.பி. எனக்கும்தான் இருக்கு. தினமும் மாத்திரை போடறேன்."

"உங்க ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்குதுங்களே தொரை," என்றாள் இசக்கியக்கா.

"ஆபீசுல பொதுவா ஒண்ணு இருக்கே. அவசரம்னா வந்துட்டுப் போங்க. நான் தடுத்தேனா?"

"சரிங்க."

திங்கட்கிழமை காட்டில் இறங்குமுன் எட்டுப் பேரும் மாத்திரையை விழுங்கினார்கள். எட்டு மணிக்கு ராஜப்ரியா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வருது."

"வாங்க எல்லாரும்," என்றாள் இசக்கியக்கா.

சூப்பர்வைசர் பாண்டியராஜ் ஓடி வந்தான். "ஒருத்திக்கு வந்தா முப்பது பேரும் போறதா?"

"காட்டெருமை இருக்குதப்பா. புள்ளையத் தனியாவா அனுப்பறது? வேணும்னா நீ தொணைக்கு வா."

யாரோ சிரித்தார்கள். அம்மா போன பிறகு அந்தக் காட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. கொழுந்துப் பைகளை வரிசையிலேயே விட்டுவிட்டு ஒரு மைல் இறங்கினோம்.

ஆபீஸ் பின்பக்கம் ஒரே கதவு. வரிசை தொழிற்சாலை வாசல்வரை நீண்டது. கீர்த்திவாசன் காதில் போனோடு வெளியே வந்தார்.

"நாளைக்குப் பேசலாம். இப்ப வேலைக்குப் போங்க."

யாரும் நகரவில்லை.

"இது எத்தனை நாளைக்கு?" அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தினமும் மாத்திரை உண்டுங்க," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இசக்கியக்கா அதையே உரக்கச் சொன்னாள்.

முதலில் உள்ளே போன ராஜப்ரியா வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றாள்.