வளையாத விரல்

டாக்டர் அறைக்கு வெளியே, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் பெரியண்ணன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். தன்னைப் போலவே நெட்டை. தன்னைப் போலவே முழங்காலைத் தொடப் பார்க்கும் கைகள், ஒட்டடைக்குச்சி மாதிரி விரல்கள். கண்ணில் தடித்த கண்ணாடி. பெயர் கிறிஸ்துதாஸ், ஊர் குள்ளஞ்சாவடி என்றான். ஒரே வேலைக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பெரியண்ணன் தானாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

ஆறு வருஷமாக அவன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. முந்தாநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவனை டவுன்ஷிப் டாக்டர் சங்கரலிங்கம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மெடிக்கல் பரீட்சை ஒன்று இருக்கிறது, வந்து உட்கார் என்றார். யாருக்குப் பரீட்சை என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. நெய்வேலியில் கூலிக்காரனுக்கு மெடிக்கல் என்றால் ஒன்றுதானே. அதில் தேறினால் பர்மனென்ட். பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், நாளைக்கு வேலை உண்டா என்று கேட் வாசலில் நிற்க வேண்டாத காலை. மனைவி வீராயி சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அங்க போயி வெரல் வித்தை காட்டிக்கினு இருக்காத" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

உள்ளே டாக்டரோடு ஒரு பெண் இருந்தாள். சந்திரா, அவருடைய அக்கா மகள். சென்னையில் டாக்டருக்குப் படிக்கிறவள். கடைசிப் பரீட்சையில் ஒருமுறை தவறியிருந்தாள், அதுவும் இப்படி ஒரு நெட்டை நோயாளியிடம். பிறவியிலேயே வரும் இரண்டு நோய்கள், வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்றில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மேலே ஏறிக்கொள்ளும், மூட்டெல்லாம் தளர்ந்திருக்கும், இதயத்தின் வால்வும் கசியலாம். மற்றதில் வில்லை கீழே இறங்கும், மூட்டு விறைத்திருக்கும். பாடம் செய்ததை அவள் உதடு அசையச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் கிறிஸ்துதாஸ். அவனுடைய முழங்கை முழுசாக நீளவில்லை. பெரியண்ணன் கண்கொட்டாமல் பார்த்தான். ஓகோ, சுரங்கத்துக்கு இப்படிக் கெட்டியான உடம்புதான் கேட்கிறார்கள் போலிருக்கிறது. தன் முறை வந்ததும் தோளிலிருந்து விரல்நுனிவரை இறுக்கிக்கொண்டான். அவள் மடக்கிப் பார்த்தாள், மசியவில்லை. டார்ச் அடித்தாள். மங்கலாகத் தெரியும் கண்ணைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்று இறுக மூடிக்கொண்டான். "வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவன் கையைப் பிடித்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தான், மாமா" என்றாள் தயங்கி.

டாக்டர் சிரித்த சிரிப்பில் சிரிப்பில்லை. போன தடவை கோட்டை விட்டதும் இதில்தானே, இன்னும் பத்து நாளில் போய் எதைச் சொல்லப் போகிறாய் என்றார். அவள் தலை குனிந்தது. கையிலிருந்த நோட்டில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

பெரியண்ணன் கிறிஸ்துதாஸைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கஞ்சி போட்ட சட்டையைப் பார்த்தான். பிறகு மெல்ல உடம்பைத் தளர்த்தினான்.

"அம்மா, இங்க பாருங்க."

கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களை மூடினான். சுண்டுவிரலுக்கு அப்பால் கட்டைவிரலின் நுனி எட்டிப் பார்த்தது. அப்படியே மணிக்கட்டையும் பின்னால் வளைத்துக் காட்டினான்.

"மார்ஃபான். மூட்டு தளர்ற நோய்" என்றாள் சந்திரா மூச்சோடு.

"நான் பெயிலுங்களா?"

டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. "யோவ், இது உன் மெடிக்கல் இல்லய்யா. பரீட்சை இவளுக்கு."

பெரியண்ணன் அதை மெள்ள வாங்கிக்கொண்டான். முகம் மலர்ந்தது. "அப்ப என் மெடிக்கல்ல இந்த வெரல மறைச்சிக்கினா போதுங்களா?"

டாக்டர் சந்திராவுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் ஸ்டெதாஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்தாள். கேட்டுக்கொண்டேயிருந்தாள், நெடுநேரம். முகத்தில் பரீட்சைக் களை போய் வேறு ஏதோ வந்தது. என்ன கேக்குதும்மா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். அவள் தன் காதிலிருந்த முனைகளைக் கழற்றி அவன் காதுகளில் மாட்டினாள்.

டொப் என்றது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு ஊதல். மறுபடி டொப், மறுபடி ஊதல். தனக்குள் இப்படி ஒன்று இருக்கிறதா என்று வாய் பிளந்து கேட்டான். சுரங்கத்தில் மெடிக்கல் பார்க்கிற டாக்டரிடமும் இதே மாதிரி குழாய் இருக்கும்.

பெரியண்ணன் கண்ணை மூடி மூச்சை அடக்கிப் பார்த்தான். ஊதல் நிற்கவில்லை.