மொட்டை மாடியில் பறக்கும் தட்டு

வயதானால் ஆண்களுக்கு நடைப்பயிற்சி, அரசியல் என்று ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். என் வீட்டுக்காரருக்குப் பறக்கும் தட்டு. என் தலையெழுத்து!

எங்களுடையது கண்ணாடிக் கடை. மேலே வீடு, கீழே கடை. அவர் கண்ணைச் சோதித்து லென்ஸ் பொருத்துவார். நான் பிரேம் காட்டுவேன். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், இருட்டத் தொடங்கியதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். கொடியில் காயும் துணியை எடுக்கக்கூட ஒரு கை உதவி கிடையாது. வானத்திலிருந்து இறங்குகிறவர்கள் மடித்து வைப்பார்கள் போலும்.

ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஏய், பார்த்துட்டேன்! வட்டமா இருந்துச்சு, சுத்தி வானவில் மாதிரி வளையம். சத்தமே இல்ல!”

“முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணுங்க.”

“யாருக்கு, எனக்கா? மாசாமாசம் நம்ம சார்ட்டை நானே படிச்சுப் பார்க்கிறேன். கடைசி வரி வரைக்கும் தண்ணிபட்ட பாடு. தெரிஞ்சுக்கோ.”

அதோடு விட்டாரா? வானம் பார்க்கும் சங்கத்துக்கே போன் போட்டு அழைத்துவிட்டார். தொலைநோக்கியும் கையுமாக ஒரு பட்டாளம் மாடியேறியது. எல்லோருக்கும் டீ போட்டது யார்? வேற்றுக்கிரகவாசியா? நான்தான்.

“அதோ! அதோ வளையம்!” என்று கையை நீட்டினார்.

சங்கத் தலைவி, பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர், தன்மையாகச் சொன்னார்: “அது வியாழன் சார். அதைச் சுத்தி வளையம் எதுவும் தெரியலையே.”

“என்னம்மா பேசுறீங்க? இந்தத் தெருவிளக்குக்கே வளையம் தெரியுது, அதுக்குத் தெரியாதா?”

மாடியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று யாராவது கடைக்கு வந்தால், இவர் பிரேமைத் தொடக்கூட விடமாட்டார். “கண்ணாடி அப்புறம் பார்த்துக்கலாம். உடனே கண் டாக்டர்கிட்ட ஓடுங்க. தள்ளிப்போட்டா பார்வையே போயிடும்” என்று விரட்டுவார். எத்தனை பேரை விரட்டியிருக்கிறார்! கூடவே நின்ற எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லையே.

வந்தவர்களை அனுப்பிவிட்டு அவரைக் கடைக்கு இழுத்து வந்தேன். வாசலிலேயே நிறுத்தி, நான் மட்டும் முதலில் உள்ளே போய் விளக்கைப் போட்டேன். பிறகு அவரை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“சும்மா உயிரை வாங்காதே.”

“கடைசி வரியை மட்டும் படிங்க. சரியா படிச்சா உங்க தட்டுல நானே ஏறிக்கிறேன்.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

அவர் உள்ளே வருவதற்குள் நான் சார்ட்டைத் திருப்பி மாட்டியிருந்தேன். பின்பக்கம் எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. அதில் இருப்பது வெறும் எண்கள்.

“எப்படி? சொல்லு, எப்போ ஏறுறே?” என்றார், எண்களைப் பார்த்துச் சிரித்தபடி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இப்பவே ஏறுவோம், வாங்க,” என்று அவர் கையைப் பிடித்தேன். “டாக்சியில. கண் ஆஸ்பத்திரிக்கு.”